மௌனத்தின் நாற்பத்தோராம் நாள்

சுந்தரபாண்டியன் பேச்சை நிறுத்தி நாற்பது நாளாகியிருந்தது. மருதங்குறிச்சியில் அதனால் எந்த வேலையும் நின்றுவிடவில்லை. மாடு கறந்தார்கள், நாற்றுப் பாவினார்கள், தென்காசிக்கு வண்டி வண்டியாகத் தேங்காய் போயிற்று. அது அவனுக்குத்தான் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

பாளையங்கோட்டையில் இன்டர்மீடியட் படிக்கும்போது அவனும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து 'தன்னைத் திருத்தும் சங்கம்' என்று ஒன்றை ஆரம்பித்திருந்தார்கள். நாடு திருந்த வேண்டும், அதற்கு முன்னால் சமூகம் திருந்த வேண்டும், அதற்கும் முன்னால் தனிமனிதன் திருந்த வேண்டும் என்பது சங்கத்தின் கொள்கை. மூன்று தனிமனிதர்கள் கிடைத்தார்கள். அவர்களில் ஒருவன் காப்பியை விட முடியாமல் நான்காம் நாளே சங்கத்தை விட்டான். மிஞ்சியது சுந்தரபாண்டியனும் சங்கத் தலைவன் தென்காசி வேல்சாமியும். ஆளுக்கொரு நோட்டு. அதில் பொய், கோபம், சோம்பல், தற்பெருமை என்று கட்டங்கள். தப்புச் செய்த நாளில் அந்தக் கட்டத்தில் ஒரு கறுப்புப் புள்ளி வைக்க வேண்டும். சுந்தரபாண்டியனின் சோம்பல் கட்டம் எறும்பு மொய்த்த வெல்லம் மாதிரி இருந்தது. தற்பெருமைக் கட்டத்தில் ஒரு புள்ளி கூடக் கிடையாது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் அந்தப் பக்கத்தைத்தான் அவன் எடுத்துக் காட்டுவான்.

1937-ம் வருஷக் கோடை விடுமுறைக்கு அவன் எடுத்துக்கொண்டது மௌன விரதம். ஒரு மண்டலம், நாற்பத்தோரு நாள். கடைசி நாள் விளக்கேற்றும் வேளையில் முடியும். அதுவரைக்கும் சொல்ல வேண்டியதையெல்லாம் சிலேட்டில் எழுதிக் காட்டினான். வீட்டில் வாசிக்கத் தெரிந்தவர் அவன் அப்பா உச்சிமாகாளி ஒருவர்தான். அவர் ஊர்ப் பண்ணையார். வாசிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

விரதத்தைப் பெரிதாக எடுத்துக்கொண்டது அம்மா முப்பிடாதியம்மாள். அவன் அக்கா செண்பகவல்லிக்கு இரண்டு பிள்ளை தங்கவில்லை. மூன்றாவதை ஏழு மாதமாகச் சுமந்துகொண்டு பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். அம்மா இலஞ்சி முருகன் சந்நிதியில் போய் நின்று, "எம்மவன் ஒனக்காவ வாயைக் கட்டிக்கிட்டு ஒரு மண்டலம் இருக்கான் முருகா, எம்மவ வயித்தை நீதான் பாத்துக்கிடணும்" என்று வேண்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஊருக்கும் சொல்லிவிட்டாள். சுந்தரபாண்டியன் பதறிப்போய், 'என் விரதம் ஆத்ம சுத்திக்காக' என்று சிலேட்டில் எழுதி நீட்டினான். வாசிக்கத் தெரியாத அம்மா அந்தச் சிலேட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்த விரதம் அவனுடையதாக இல்லை.

சங்கத்தில் இன்னொரு பாடமும் உண்டு: பிறர் துன்பம் உணர்தல். வாரத்துக்கு ஒரு சோதனை. ஒரு வாரம் பழைய கஞ்சி மட்டும் குடித்தான். ஒரு வாரம் செருப்பில்லாமல் நடந்தான். பண்ணையாள் செருப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். நாற்பத்தோராம் நாள் காலையில், கடைசிச் சோதனையாக, கீழத்தெருக்காரர்களின் துறையில் குளிப்பது என்று தீர்மானித்தான்.

குற்றாலத்திலிருந்து இறங்கிவரும் தண்ணீர் ஊரை உரசிக்கொண்டு ஓடுகிற இடத்தில் மேலத்தெருவின் துறை இருந்தது. அதற்குக் கீழே, ஒரு வளைவு தாண்டி, கீழத்தெருவின் துறை. மேலே குளித்த தண்ணீர்தான் கீழே வரும். இந்த வழக்கத்தின் முதல் பாதி ஊரில் எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் பாதி என்னவென்றால், மேலத்தெரு ஆள் கீழ்த்துறையில் இறங்கினால், அங்கே இருப்பவர்கள் எல்லோரும் கரையேறிவிட வேண்டும். ஆனால் மேலத்தெருவில் பிறந்தவன் எவனும் அங்கே இறங்கியதே இல்லை. அதனால் அந்த இரண்டாம் பாதி மேலத்தெருவுக்கு மறந்துபோயிருந்தது. கீழத்தெருவுக்கு மறக்கவில்லை.

சாரல் தூவிக்கொண்டிருந்தது. துறையில் ஏழெட்டுப் பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சித்தாய் என்பவள் தன் ஆறு வயதுப் பெண்ணின் தலையில் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுந்தரபாண்டியன் சட்டையையும் சிலேட்டையும் நோட்டையும் கரையோரத்து உயரமான பாறைமேல் வைத்துவிட்டுப் புன்னகையோடு தண்ணீரில் இறங்கினான். அவன் முழங்கால் நனைவதற்குள் அத்தனை பேரும் கரையில் நின்றார்கள்.

அவர்கள் குளித்து முடித்துவிட்டார்கள் என்று அவன் நினைத்தான். கழுத்தளவு தண்ணீரில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து கண்ணை மூடினான். ஒரு மணி நேரம் தியானம். நடுவில் ஒரு தடவை கண் திறந்து பார்த்தபோது அவர்கள் யாரும் போகவில்லை. நனைந்த துணியோடு, கைகளைக் கட்டிக்கொண்டு, சாரலில் வரிசையாக நின்றார்கள். அவனுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. நெகிழ்ச்சி போய்விடுவதற்குள் கரைப் பாறைக்கு ஏறிப்போய் நோட்டில் எழுதினான்: 'என் செய்கை அவர்களைத் தொட்டுவிட்டது. போக மனமின்றி நிற்கிறார்கள். ஒரு சிறுமி கண்ணீர் மல்க என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.' எழுதிவிட்டு மறுபடியும் வந்து உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் சருகு வந்தது. அப்புறம் பச்சை இலை வந்தது. அப்புறம் தண்ணீர் தேயிலை வடித்த நிறத்துக்கு மாறியது. கரையில் நின்றவர்களுக்கு அது என்னவென்று தெரியும். மலையில் பெருமழை, வெள்ளம் இறங்குகிறது. "சின்னையா, ஏறுங்க" என்று கத்தினார்கள். தண்ணீர் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. கையை ஆட்டினார்கள். சுந்தரபாண்டியன் கண்ணைத் திறந்து பார்த்தான். எல்லோரும் கையைத் தூக்குகிறார்கள். அவனும் பதிலுக்குக் கைகூப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

பேச்சித்தாயின் புருஷன் சுடலையாண்டி தண்ணீரில் குதித்தான். நீந்தி வந்து தலைமுடியைப் பிடிக்கப் பார்த்தான். காலேஜ் கிராப்பு கைக்கு அகப்படவில்லை. காதைப் பிடித்தான். தியானத்திலிருந்த சுந்தரபாண்டியன் திமிறி அவனைத் தள்ளினான். சுடலையாண்டி ஓங்கி ஓர் அறை விட்டான். அறை வாங்கியவன் அசந்துபோன அந்தக் கணத்தில் அவனை அக்குளில் இடுக்கிக்கொண்டு இழுத்துக் கரையில் போட்டான். அவன் உட்கார்ந்திருந்த பாறை எங்கே இருந்தது என்று தெரியாதபடி வெள்ளம் அதன்மேல் போனது. முழுசாக ஒரு வாகைமரம் வேரோடு புரண்டு போனது.

மேட்டிலிருந்த தென்னந்தோப்பில் காவல்காரன் மந்திரமூர்த்தி நின்றுகொண்டிருந்தான். கீழத்தெருக்காரன் பண்ணையார் மகனின் காதைப் பிடித்ததையும் அறைந்ததையும் அவன் கண்ணாரக் கண்டான். கண்ட உடனே சேதி சொல்ல ஓடினான். திரும்பிப் பார்க்கவில்லை. ஆகவே வெள்ளத்தைப் பார்க்கவில்லை.

சுந்தரபாண்டியனையும் பாறைமேலிருந்த அவன் சாமான்களையும் வீட்டில் கொண்டு சேர்த்தார்கள். குளிரில் பல் கிட்டியிருந்தது. அம்மா கஷாயம் கொடுத்துக் கம்பளியைப் போர்த்தினாள். தூங்கிவிட்டான். அவன் எழுந்தபோது சாயங்காலமாகியிருந்தது. விரதம் முடிவதைப் பார்க்கத் தென்காசியிலிருந்து வந்திருந்த வேல்சாமி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"முழிச்சிட்டியா? வாயைத் திறந்திராதலே" என்றான் வேல்சாமி. "விளக்கேத்த இன்னும் ஒரு நாழிகைதான் கெடக்கு. முடிஞ்ச ஒடனே சங்கத்து சார்பா நான் ஒனக்கு நற்சான்று எழுதித் தாரேன். ரெண்டு பிரதி."

வீட்டை ஒட்டிய நெற்களத்திலிருந்து இரைச்சல் வந்தது. என்ன என்பதுபோல் சுந்தரபாண்டியன் புருவத்தை உயர்த்தினான்.

"ஒன்னைய அடிச்சவன் இருக்காம்லா, அவனைக் கட்டி வச்சிருக்கு. புளிய விளாறால முப்பது அடியாம். விடியக்குள்ள குடிசையைக் காலி பண்ணணுமாம். நீ வந்து ஒரு தலையாட்டு ஆட்டணும்னு ஒங்கப்பா காத்துக்கிட்டிருக்காரு."

சுந்தரபாண்டியன் கம்பளியை உதறிவிட்டு, சிலேட்டை எடுத்துக்கொண்டு ஓடினான்.

களத்து ஓரத்துப் புளியமரத்தில் சுடலையாண்டியைக் கட்டியிருந்தார்கள். மரத்தடியில் வெட்டிப்போட்ட விளாறுகள் கிடந்தன. பக்குவமாக இருக்கட்டும் என்று மந்திரமூர்த்தி அவற்றின் இலைகளை உருவிக்கொண்டிருந்தான். மேலத்தெரு ஆண்கள் ஐம்பது அறுபது பேர். கீழத்தெருக்காரர்கள் களத்துக்குள் வரக் கூடாது. தூரத்து வரப்பில் பேச்சித்தாய் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். மாட்டுத்தொழுவத்துப் பக்கம் அம்மா நின்றாள். அவளுடைய இரண்டு கையும் கூப்பியபடி இருந்தன. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் செண்பகவல்லி.

உச்சிமாகாளி கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"இங்கன வாலே பாண்டி. இவன் என்ன சொல்லுதான்னா, வெள்ளம் வந்துச்சாம், ஒன்னையக் காப்பாத்துனானாம். கீழத்தெருவே சேந்து நின்னு அதையே சொல்லுது. அவனுக அப்படித்தான் சொல்லுவானுக. நம்ம மந்திரமூர்த்தி அடிச்சதைப் பாத்திருக்கான். நீ சொல்லு. இவன் ஒன்னைய அடிச்சானா, இல்லையா?"

"விரதம் அண்ணாச்சி" என்று யாரோ நினைவுபடுத்தினார்கள்.

"எழுதிக் காட்டட்டும்."

சுந்தரபாண்டியன் உட்கார்ந்து எழுதினான். அடித்தாரா என்றால் அடித்தார். அதை மறைக்க முடியாது. 'அடித்தார்' என்று பெரிதாகத் தொடங்கிவிட்டான். மீதியைச் சொல்ல இடம் போதவில்லை, எழுத்து போகப் போகச் சிறுத்தது. 'வெள்ளம் வந்ததை நான் கவனிக்கவில்லை. இழுத்தார், நான் வர மறுத்தேன். அதனால் அடித்தார். கரையில் கொண்டுவந்து போட்டார். இல்லாவிட்டால் செத்திருப்பேன்.' கடைசி வார்த்தை சிலேட்டின் மரச்சட்டத்தில் ஏறிவிட்டது.

அப்பா சிலேட்டை வாங்கினார். கையை நீட்டித் தூரத்தில் பிடித்து வாசித்தார். உதடுகள் அசைந்தன. கடைசி வரி வரைக்கும் அசைந்தன. சுந்தரபாண்டியன் அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவர் மகனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

"அடிச்சான்னு எழுதியிருக்கான்" என்றார்.

தோள் துண்டை எடுத்துச் சிலேட்டைத் துடைத்தார். நிதானமாக, மூலைகளையும் விடாமல். துடைத்த சிலேட்டைத் தன் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

களத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. மந்திரமூர்த்தி ஒரு விளாறைக் காற்றில் வீசிப் பார்த்தான். விர்ரென்றது.

அப்பா பொய் சொல்லவில்லை என்பதுதான் சுந்தரபாண்டியனுக்கு முதலில் தோன்றியது. அவருக்கென்று ஒரு நோட்டு இருந்து அதில் பொய்க்கு ஒரு கட்டம் இருந்தால், இன்றைக்கும் அது வெள்ளையாகவே இருக்கும். இப்போது வாயைத் திறக்காவிட்டால் தன் கட்டமும் வெள்ளையாகவே இருக்கும். பேசாதவன் எப்படிப் பொய் சொல்ல முடியும்? சூரியன் குற்றால மலைக்கு மேலே ஒரு பனை உயரத்தில் நின்றது. விளக்கேற்றும் வரை காத்திருந்து பேசலாம். ஆனால் முப்பது அடிக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

வேல்சாமி அவன் காதோரம் குனிந்தான். "சும்மா இருலே. நாப்பது நாள். ஒங்கம்மையப் பாரு."

பார்த்தான். அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். உதடுகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. ஜன்னலில் அக்காவின் கை வயிற்றின்மேல் இருந்தது. முருகனை அவன் நம்பினானா என்று கேட்டால் அவனால் பதில் சொல்ல முடியாது. காலேஜில் அதைப் பற்றி விவாதம் நடந்தபோது இரண்டு பக்கமும் பேசிக் கைதட்டு வாங்கியவன். இங்கே, இந்தக் களத்தில், அக்காவின் பிள்ளை தன் நாக்கு நுனியில் தொங்குகிற மாதிரி இருந்தது. இரண்டு தடவை அந்த வீட்டிலிருந்து சின்ன மூட்டையாகக் கொண்டுபோனதை அவன் பார்த்திருக்கிறான்.

மந்திரமூர்த்தி சுடலையாண்டியின் முதுகிலிருந்து துணியை விலக்கினான். காலையில் பாறை கிழித்த கோடுகள் அங்கே ஏற்கனவே இருந்தன. சுடலையாண்டி யாரையும் பார்க்கவில்லை. வரப்பிலிருந்த பிள்ளையைக்கூடப் பார்க்கவில்லை. மரப்பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சுந்தரபாண்டியன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. நாற்பது நாள் கிடப்பில் கிடந்த தொண்டை கரகரவென்று ஏதோ செய்தது.

"இருமல்" என்று வேல்சாமி களத்துக்கு அறிவித்தான். "இருமல் கணக்கில்ல."

"இருமல் இல்ல" என்றான் சுந்தரபாண்டியன்.

தொழுவத்துப் பக்கத்திலிருந்து அம்மா 'முருகா' என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. விளாறோடு மந்திரமூர்த்தி தூக்கிய கை தூக்கினபடி நின்றது.

"அப்பா சொன்னது நான் எழுதினதுல மொத வார்த்தைதான். அடிச்சாரு. நான் கெழட்டு எருமை மாதிரி தண்ணியில உக்காந்திருந்தேன். அவரு அடிக்கலேன்னா இந்நேரம் நீங்க என்னைய ஆத்துக்குக் கீழ பத்து மைல் தள்ளித் தேடிக்கிட்டிருப்பிய. மிச்சத்தையும் எழுதியிருந்தேன். அப்பா துடைச்சிட்டாக."

பண்ணையாரின் முகத்தைப் பார்க்க யாருக்கும் துணிவில்லாததால் எல்லோரும் அவர் தொடைக்கடியில் நீட்டிக்கொண்டிருந்த சிலேட்டின் சட்டத்தைப் பார்த்தார்கள்.

"பையன் பயந்திருக்கான் பண்ணையாரே" என்றான் மந்திரமூர்த்தி. "தண்ணி காதுல ஏறியிருக்கும். அவன் இவன்னு சொல்ல வேண்டியதை அவருங்கான் பாருங்க. நான் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"நீரு எதுவரைக்கும் பாத்தீரு?" என்று கேட்டான் சுந்தரபாண்டியன்.

"அடிச்சது வரைக்கும்."

"பொறவு?"

"பொறவு சேதி சொல்ல ஓடியாந்தேன்."

"அப்பாவும் அதுவரைக்கும்தான் வாசிச்சாக."

உச்சிமாகாளி கட்டிலிலிருந்து எழுந்தார். சிலேட்டு கீழே விழுந்து விளிம்பில் விண்டது. "அது என்னவாவும் இருக்கட்டும். கை நீட்டித் தொட்டிருக்கான், காதைப் புடிச்சிருக்கான். அதுக்கு என்ன சொல்லுத? அதை விட்டா நாளைக்கு இந்தக் களத்துல எவன் எனக்கு அடங்குவான்?"

விவாத மேடையாக இருந்தால் சுந்தரபாண்டியன் அதற்குப் பதில் சொல்லியிருப்பான். அவன் நடந்துபோய்ப் புளியமரத்துக்கும் விளாறுக்கும் நடுவில் நின்று, இரண்டு கையாலும் சுடலையாண்டியின் தோளைப் பிடித்துக்கொண்டான். "தொட்டதுக்குத்தான் அடின்னா இப்ப நான் தொட்டிருக்கேன். எங்க ரெண்டு பேரையும் சேத்தே அடிங்க."

சுடலையாண்டி தலையைத் திருப்பாமல், மரப்பட்டைக்குச் சொல்லுகிற மாதிரிச் சொன்னான்: "கையை எடுங்க சின்னையா. இதுக்கு வேற ஒரு வழக்கு ஆயிரப்போவுது."

சுந்தரபாண்டியன் கையை எடுக்கவில்லை. அந்தத் தோள் நடுங்கிக்கொண்டிருந்ததை அவன் அப்போதுதான் உணர்ந்தான். மந்திரமூர்த்தி பண்ணையாரைப் பார்த்தான். பண்ணையார் மகனைப் பார்த்தார். மலைப்பக்கமிருந்து மறுபடியும் சாரல் வந்து களத்தில் விழுந்தது. மழைக்குப் பயந்து அள்ளுவதற்கு நெல்லோ வைக்கோலோ எதுவும் அங்கே காயவில்லை.

"மழை வருது" என்றார் உச்சிமாகாளி. "அவுத்து விட்டுட்டு எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

அவர் உள்ளே போய்விட்டார். குடிசையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அப்புறமும் சொல்லவில்லை. மகனிடம் அதற்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் சாப்பாடு, ரயில் நேரம் இரண்டைப் பற்றி மட்டும்தான்.

அன்று விளக்கேற்றியதிலிருந்து அம்மா பேசுவதை நிறுத்தினாள். மகன் கலைத்த மண்டலத்தை முதல் நாளிலிருந்து அவள் தொடங்கியிருக்கிறாளா, இல்லை கோபமா என்று யாருக்கும் தெரியவில்லை. எழுதிக் காட்டவும் அவளுக்குத் தெரியாது. செண்பகவல்லிதான் தம்பிக்குச் சோறு போட்டாள்.

"எம்பிள்ளை உள்ள கெடந்து உதைக்குது" என்றாள் அவள், சோற்றைப் பார்த்துக்கொண்டே. "நீ பேசும்போதும் உதைச்சுது. அதை அம்மைட்ட சொன்னேன். கேட்டாளான்னு தெரியல." கொஞ்சம் பொறுத்து, "எனக்கும் பயமாத்தாம்ல இருக்கு" என்றாள்.

மறுநாள் காலையில் சுந்தரபாண்டியன் கீழத்தெருவுக்குப் போனான். சுடலையாண்டி வேலைக்குப் போயிருந்தான். பேச்சித்தாய் வாசலில் நின்றாள். நன்றி சொல்வதற்காக அவன் வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்திருந்தான். அதை ஆரம்பிப்பதற்குள் அவள் பேசினாள்.

"சின்னையா, நீங்க நேத்துப் பேசுனது எங்களுக்கு ஆயுசுக்கும் மறக்காது. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கிடக் கூடாது."

"கேளுங்க."

"இனிமே நம்ம துறைக்குக் குளிக்க வராதீய. நீங்க எறங்குனா நாங்க ஏறிரணும். நேத்து ஒரு மணி நேரமா நின்னோம். எம்புள்ள தலையில சீயக்காயைத் தேச்சு வச்சிருந்தேன், அலச முடியல. கண்ணுல வழிஞ்சு, பாவம், அழுதுக்கிட்டே நின்னுச்சு. ராத்திரியெல்லாம் காய்ச்சல்ல கெடந்துச்சு."

குடிசைக்குள் இருட்டில் அந்தப் பெண் படுத்திருந்தாள். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. அவனைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பார்த்தாள்.

சுந்தரபாண்டியன் தயார் செய்த வாக்கியம் எங்கோ போய்விட்டது. "படுத்துக்க, படுத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினான். மடியில் நோட்டு இருந்தது. எந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறான் என்று அவனுக்கு மனப்பாடம். எடுத்துப் பார்க்கவில்லை.

ஆற்றங்கரை வழியாக வீட்டுக்குப் பத்து நிமிஷம். வெள்ளம் வடிந்து துறையில் தண்ணீர் தெளிந்திருந்தது. எதிரே குடத்தோடும் துணியோடும் கீழத்தெருப் பெண்கள் நாலைந்து பேர் குளிக்க வந்துகொண்டிருந்தார்கள். அவனைப் பார்த்ததும் நின்றார்கள். அவனும் நின்றான். அவன் புன்னகை செய்யவில்லை, கைகூப்பவில்லை. அவர்கள் நகரவில்லை. சாரல் இரு பக்கத்தின் மேலும் விழுந்தது.

அவன் கரையை விட்டு விலகி, உடைமுள் மண்டிய மேட்டுப் பாதையில் ஏறினான். சுற்றிக்கொண்டு போனால் முக்கால் மணி நேரம். முள் இரண்டு இடத்தில் வேட்டியைக் கிழித்தது. வளைவு தாண்டும் வரை பின்னால் ஒரு சத்தமும் இல்லை. தாண்டி இன்னும் பத்தடி நடந்தான். அப்புறம்தான், ஒருத்தி தண்ணீரில் இறங்கும் சத்தம் கேட்டது.